கொக்கித் தழும்பும் மற்றத் தழும்பும்

நடந்தவை, வரிசைப்படி:

1. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து படகில் வந்தவர்களில் ஒரு பகுதியினரைத் திருத்தணிக்கும் கனகம்மாசத்திரத்துக்கும் நடுவே ஒரு பழைய நெல் கிடங்கில் குடிவைத்தார்கள்.
2. ஐரோப்பிய நாடு ஒன்றின் அரசு, அந்த மக்களுக்கு மருந்து கொடுக்கவும் அவர்களுக்கு நடந்ததைப் பதிவு செய்யவும் திருத்தணியில் ஒரு மருத்துவ மையம் திறக்க உதவியது.
3. அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்த நான், காயங்களைப் படம் எடுக்க அந்த மையத்தில் சேர்ந்தேன்.
4. யோகநாதன் என்பவர் தன் முதுகைக் காட்டினார்.
5. அவை சாமிக்கு வேண்டிக்கொண்டு குத்திய கொக்கித் தழும்புகள் என்று பதில் வந்தது.
6. திருத்தணிக்காரர்கள் சிலரின் முதுகையும் படம் எடுத்தோம்.
7. மையம் மூடப்பட்டது. முப்பத்தொரு வயதில் எனக்கு ஓய்வு.

ஓய்வு என்பது அவர்கள் கடிதத்தில் எழுதியிருந்த சொல். அக்கா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னாடி ரேவதி, தலையில ஒரு நரை இல்ல, அதுக்குள்ள ரிடையரா?" என்று சிரித்தாள். திட்டம் முடிந்துவிட்டது என்பதை அவர்கள் நாட்டில் அப்படித்தான் மரியாதையாகச் சொல்வார்கள் போலிருக்கிறது.

இதை இப்போது எழுதக் காரணம், சென்ற மாதம் சென்னையிலிருந்து வந்த இளம்பெண்கள். வேறொரு அமைப்பு இதே வேலையை வேறொரு நாட்டு அகதிகளுக்காகத் தொடங்குகிறது. படம் எடுக்கும் முறையை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள அனுப்பியிருந்தார்கள். எந்த லென்ஸ், எந்த பிலிம், விளக்கை எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்டார்கள். சொன்னேன். கிளம்பும்போது அவர்களில் ஒருத்தி, "படத்தப் பாத்துட்டு யாராவது ஏதாவது செஞ்சாங்களா அக்கா?" என்று கேட்டாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பதில் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். அன்றிலிருந்து அது என்னைத் தூங்கவிடவில்லை.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வீடு திருத்தணி, அப்பா அரக்கோணத்தில் ரயில்வே வேலை. பள்ளி முடித்ததும் வேலூரில் ரேடியோகிராபி படித்தேன். அரசு ஆஸ்பத்திரியில் உடைந்த கையையும் சளி கட்டிய நெஞ்சையும் எடுத்தேன். இருட்டறையில் பிலிம் கழுவத் தெரியும், நோயாளியை வலிக்காமல் திருப்பத் தெரியும், ஒன்றன்பின் ஒன்றாகக் குறிப்பு எழுதத் தெரியும். அந்த மூன்றுக்காகத்தான் மையத்தில் எடுத்துக்கொண்டார்கள்.

அங்கே எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் இங்கிரிட். காயங்களைப் படித்துச் சொல்வதில் பயிற்சி பெற்றவர். ஐம்பதைத் தாண்டிய வயது, உயரம், வெயிலில் மூக்கு எப்போதும் சிவந்திருக்கும். அவருக்குத் தெரிந்த தமிழ் பத்துப் பதினைந்து சொற்கள்தான். எல்லாவற்றின் பின்னாலும் ஒரு 'ங்க' சேர்த்துக்கொள்வார். "உக்காருங்க", "சரிங்க" வரைக்கும் பிழையில்லை. "வலிங்க?" என்று அவர் கேட்கும்போது, அழுதுகொண்டு வந்தவர்கள்கூடச் சிரித்துவிடுவார்கள். சிரிப்பதற்காகவே அதைத் திருத்திக்கொள்ளவில்லை என்று பிறகு எனக்குத் தோன்றியது.

அவர் முறை இது. வந்தவர் நாற்காலியில், இவர் அதைவிடத் தாழ்ந்த முக்காலியில். முதலில் வந்தவர் பேசுவார், இவர் கேட்பார், எழுதமாட்டார். பிறகு, எழுதலாமா என்று கேட்பார். அதற்குச் சம்மதம் கிடைத்தால், பார்க்கலாமா என்று கேட்பார். அதற்கும் கிடைத்தால்தான், படம் எடுக்கலாமா என்ற கேள்வி. முன்பு சரி என்று சொன்னவர் அப்போது வேண்டாம் என்றால் கேமராவை நான் மேசைக்கு அடியில் வைத்துவிட வேண்டும். கண்ணில் படும்படி வைத்திருப்பதுகூட வற்புறுத்தல்தான் என்பார்.

"நீ பார்ப்பது வேறு, அவர் சொல்வது வேறு. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதாதே" என்பது அவர் எனக்குச் சொன்ன முதல் விதி. 'சிகரெட்டால் சுட்ட தழும்பு' என்று ஒருமுறை எழுதிவிட்டேன். கோடு போட்டு அடித்துவிட்டு, 'வட்டமான தழும்பு, நடுவில் மெலிந்த தோல், ஓரம் கறுத்திருக்கிறது' என்று எழுதச் சொன்னார். சிகரெட் என்பது வந்தவர் சொல்வது. அது அடுத்த பத்தி.

படத்துக்கும் விதிகள் உண்டு. முதலில் உடலின் எந்தப் பகுதி என்று தெரிகிற தூரத்துப் படம். பிறகு அருகிலிருந்து, பக்கத்தில் அளவுப் பட்டையை ஒட்டி. விளக்கை நேராகப் போட்டால் தழும்பு தட்டையாகிவிடும். பக்கவாட்டில் தாழ வைத்தால்தான் மேடும் பள்ளமும் தெரியும். உடம்பில் எண்ணெய் இருக்கக் கூடாது. கழுவும்போது இன்னொரு தொல்லை. திருத்தணித் தண்ணீர் உப்பு. அதில் அலசிக் காயவைத்த நெகட்டிவ்களில் சொட்டு நின்ற இடமெல்லாம் சுண்ணாம்புப் புள்ளி படிந்தது; பிரிண்ட் போட்டால் ஒருவர் தோளில் இல்லாத வெள்ளை வட்டங்கள். இங்கிரிட் அதை விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தார். "இந்த ஒரு படம் போதும், மற்ற எல்லாப் படங்களையும் பொய் என்று சொல்ல" என்றார். அன்றிலிருந்து கடைசி அலசலுக்கு பேட்டரிக் கடையிலிருந்து காய்ச்சி வடித்த தண்ணீர் வாங்கினேன்.

மையத்துக்கு உதவிய அரசின் கொள்கைத் தாளை நான் படித்திருக்கிறேன். அதைச் சுருக்கினால் மூன்று வேலை. பாதிக்கப்பட்டவருக்கு உதவுவது. சண்டையிடுகிறவர்களைப் பேசவைப்பது. யார் செய்த கொடுமையானாலும், எந்தத் தரப்பானாலும், ஒருநாள் பதில் சொல்ல வைப்பதற்காகப் பதிந்துவைப்பது. மூன்றும் ஒன்றுக்கொன்று துணை என்று தாளில் எழுதியிருந்தது. தூதரகத்திலிருந்து ஓர் அதிகாரி மாதம் ஒருமுறை காரில் வருவார். இளைஞர், நல்லவர், வந்ததும் எல்லோருக்கும் இருமல் மிட்டாய் கொடுப்பார். பேச்சுவார்த்தை அவர் பொறுப்பு. இயக்கங்களின் பிரதிநிதிகளைச் சென்னையில் சந்திப்பார் என்று எங்களுக்குத் தெரியும்.

வந்தவர்களில் பெரும்பாலோர் சீருடைக்காரர்கள் செய்ததைச் சொன்னார்கள். யோகநாதன் அப்படி வரவில்லை.

அவர் கடலோர ஊரில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். தாயுடன் அந்தக் கிடங்கு முகாமில் இருந்தார். முகாமில் எல்லோரும் பம்புசெட்டில் சட்டையில்லாமல்தான் குளிப்பார்கள். அவர் முதுகைப் பார்த்துக் கேட்டவர்களுக்கெல்லாம், "அம்மாவுக்குச் சுகமில்லாமல் கிடந்தபோது கோயிலில் செடில் குத்தினது" என்று சொல்லியிருந்தார். முதுகில் கொக்கி மாட்டிக் காவடி எடுப்பதை அவர்கள் செடில் என்பார்கள். நாங்கள் முதுகில் அலகு குத்துவது என்போம். ஆடிக் கிருத்திகைக்கு மலையேறுகிறவர்களில் எத்தனை பேர் முதுகில் கொக்கியோடு போகிறார்கள்! திருத்தணியில் அப்படி ஒரு முதுகை யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஒளித்துவைக்க அதைவிட நல்ல ஊர் கிடைக்காது.

காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்தவர், மருந்தை வாங்கிய பிறகும் போகாமல் நின்றார். கூட்டம் கலைந்ததும் என்னிடம் கேட்டார். "தங்கச்சி, எங்கட ஆக்கள் செய்ததையும் எழுதுவீங்களோ?"

"யார் செஞ்சிருந்தாலும் எழுதுவாங்க அண்ணா."

"அப்ப டொக்டரைக் கூப்பிடுங்கோ."

அவர் சொன்னது இவ்வளவு. ஊரில் ஒரு ஆயுத இயக்கம் அவரையும் அவர் கிருபன் என்று கூப்பிடும் தம்பி கிருபாகரனையும், ராணுவத்துக்குத் தகவல் கொடுத்தவர்கள் என்று சந்தேகித்துக் கொண்டுபோனது. ஒரு தென்னந்தோப்பு வீட்டில் வைத்தார்கள். முதுகில் சிகரெட்டால் சுட்டார்கள். இவரை விட்டார்கள். தம்பியை விடவில்லை. முகாமில் அந்த இயக்கத்தை ஆதரிக்கிறவர்கள் இருந்ததால்தான் செடில் கதை.

"செடிலும் பொய்யில்லை. பத்தொன்பது வயசில குத்தினனான். அதுக்கு மேலதான் உவங்கள் தங்கட வேலையைச் செய்தவங்கள்" என்றார். "எனக்கு ஒண்டும் வேண்டாம் டொக்டர். அவங்களோட கதைக்கிற ஆக்கள் உங்கட ஆக்கள்தானே. என்ர தம்பி எங்க எண்டு கேக்கச் சொல்லுங்கோ. எங்களைப் பிடிச்சதே தாங்கள் இல்லை எண்டு சொன்னா, இந்த முதுகைக் காட்டுங்கோ."

படம் எடுத்தேன். பக்கவாட்டு விளக்கில் அந்த முதுகு இரண்டு கதைகளைச் சொன்னது. அது எனக்குத் தெரிந்தது. நான் பிறந்து வளர்ந்த ஊர் அப்படி. இங்கிரிட்டுக்கும் வட்டத் தழும்புகள் தெரிந்தன, ஆனால் சின்னச் சின்னதாக வரிசையில் இருந்தவற்றை என்னவென்று எழுதுவது என்று தெரியவில்லை. 'செடில் என்று அவர் சொல்கிறார்' என்று இரண்டாவது பத்தியில் எழுதிவிட்டுக் கோப்பை அனுப்பினார்.

தூதரக அதிகாரி அதைப் படித்துவிட்டு நேரே வந்தார். முன்னறையில், மின்விசிறிக்குக் கீழே, இருவரும் ஆங்கிலத்தில் மோதிக்கொண்டார்கள். யோகநாதன், எங்களுக்கு யோகன், அடுத்த அறையில் இருந்தார். கதவு பாதி திறந்திருந்தது.

அதிகாரி சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. பேச்சு ஒரு நிலைக்கு வந்திருக்கிறது. அந்த இயக்கம் முதன்முறையாக மேசைக்கு வரச் சம்மதித்திருக்கிறது. வந்து உட்காருகிற அன்றே குற்றச்சாட்டை நீட்டினால் எழுந்து போய்விடுவார்கள். போனால் இன்னும் எத்தனை முதுகு! "ஒரு மனிதனின் முதுகுக்காக மேசையைக் கவிழ்க்க முடியாது" என்றார்.

"முதுகை மேசைமேல் வைக்கச் சொன்னது நம் அரசின் தாள்தான்" என்றார் இங்கிரிட். "அதில் எந்தத் தரப்பானாலும் என்று இருக்கிறது. வசதிப்பட்டால் என்று இல்லை."

யோகன் கதவோரம் வந்து என்னிடம் கேட்டார். "என்னவாம் தங்கச்சி, என்ன கதைக்கினம்?"

"இப்பவே கேட்டா பேச்சு கெட்டுப்போயிடும்னு அவர் சொல்றாரு. இப்பவே கேக்கணும்னு டாக்டர் சொல்றாங்க."

"பேச்சு நல்லா முடியிறவரைக்கும் தம்பி அங்க என்னத்தைச் சாப்பிடுறான் எண்டு அவரைக் கேளுங்கோ."

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி தலையைக் குனிந்துகொண்டு பாக்கெட்டில் மிட்டாயைத் தேடினார். யாருக்கும் கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு நடுவழி முடிவானது. வெளியில் எதுவும் சொல்வதில்லை. தனிச் சந்திப்பில், பிரதிநிதியிடம் மட்டும், கிருபன் எங்கே என்று கேட்பது. மறுத்தால் படங்களைக் காட்டுவது.

மறுத்தார்கள். அதிகாரி படங்களைக் காட்டினார். பதில் கையில் தயாராக இருந்ததுபோல வந்ததாம்: 'அது கோயிலில் குத்திய தழும்பு. அவரே முகாமில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். விசாரித்துப் பாருங்கள்.'

அதிகாரி இதைச் சொன்னபோது, எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அந்தச் சொற்களின் இன்னொரு பக்கம் தெரிய சிறிது நேரம் ஆனது. முகாமின் பம்புசெட்டில் சொன்னது சென்னையில் ஒரு மேசைக்கு எப்படிப் போனது? யோகனுக்கு அது உடனே புரிந்துவிட்டது. 

"அப்ப நான் வாய் திறந்திட்டன் எண்டு அங்க தெரிஞ்சிட்டுது" என்றார். "தம்பிக்கு நன்மை செய்யிறன் எண்டு நினைச்சு அவனைச் சாகக் குடுத்திட்டனோ தெரியேல்லை."

இங்கிரிட் ஆறுதல் சொல்லவில்லை. தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதது அவர் வழக்கம். அன்றே யோகனையும் தாயையும் 'படுக்கையில் வைத்துச் சிகிச்சை' என்று எழுதி மையத்தின் பின்னறையில் தங்க வைத்தார். அந்த அம்மா யாரோடும் பேசமாட்டார். தெருவில் சைக்கிள் நின்றால் எழுந்து வந்து பார்ப்பார். நானும் பார்க்கத் தொடங்கினேன். வாசலில் புதிதாக யார் நின்றாலும் எங்கள் இருவருக்கும் வேலை ஓடாது.

ஒரு வாரம் இங்கிரிட் அந்தப் படங்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு நடந்தார். உட்காரமாட்டார். பிறகு என்னிடம் கேட்டார். "கொக்கி குத்தியவர்கள், கொக்கி மட்டும் குத்தியவர்கள், இந்த ஊரில் கிடைப்பார்களா?"

கிடைப்பார்களா! எங்கள் வீட்டிலேயே ஒருவர் இருந்தார். அக்காவின் கணவர், முனுசாமி பாவா. தறி நெய்கிறவர். வருஷம் தவறாமல் ஆடிக் கிருத்திகைக்கு முதுகில் கொக்கி போட்டு, கயிறு கட்டிச் சின்னத் தேரை இழுத்துக்கொண்டு மலையடிவாரம் வரை போவார்.

"பாவா, உங்க முதுகு வேணும்."

"இன்னாத்துக்கு? தோல உரிச்சி மேளம் கட்டப் போறியா?"

"போட்டோ எடுக்க."

"மூஞ்சிய எடுக்க ஒருத்தருக்கும் தோணல, முதுகுக்கு வந்துட்டீங்களே" என்றார் பாவா.

"எடுத்துக்கினு போடி. வூட்ல அது சும்மாதான் கீது" என்றாள் அக்கா.

"வெள்ளக்கார அம்மா பாப்பாங்களா?"

"ஆங், அவங்கதான் பாக்கணும்."

"அப்ப எண்ண தேச்சி குளிச்சிட்டு ஜோரா வரேன்."

"எண்ண கூடாது பாவா. பளபளன்னு இருந்தா தழும்பு தெரியாது."

எதற்காக என்பதைச் சொல்லித்தான் கூட்டிப்போனேன். சம்மதம் கேட்கும் விதி பாவாவுக்கும் பொருந்தும். அவர் தன்னோடு தேர் இழுக்கிற இன்னும் சிலரையும் அழைத்து வந்தார். இங்கிரிட் ஒவ்வொருவரிடமும் முக்காலியில் உட்கார்ந்து, பார்க்கலாமா, படம் எடுக்கலாமா என்று வரிசையாகக் கேட்க, ஒருவர், "பொண்ணு பாக்க வந்தாகூட இவ்ளோ கேக்க மாட்டாங்கம்மா, எடுங்க" என்றார்.

யோகனும் அங்கே வந்து நின்றார். பாவா தன் முதுகைத் திருப்பிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"நீங்க எப்டி, தேர் இழுத்தீங்களா, தொங்கினீங்களா?"

"தூக்குக் காவடி. முதுகிலயும் காலிலயும் கொக்கி முள்ளுப் போட்டு, வண்டிலில தொங்கவிட்டவை."

"யப்பா. நம்மளுதெல்லாம் அப்ப வெளையாட்டு. எங்க, காட்டுங்க பாக்கலாம்."

யோகன் தயங்கிவிட்டுச் சட்டையைக் கழற்றினார். பாவா அருகில் போய்ப் பார்த்தார். "ஆங், இது நம்மளுது, இது நம்மளுது" என்று விரலை வைக்காமல் காட்டிக்கொண்டே வந்தவர் நின்றார். வட்டத் தழும்புகளைப் பார்த்தார். 

"இத எவன் செஞ்சான்?"

"எங்கட இயக்கப் பெடியள்தான்."

"இதையுமா சாமி பேர்ல எழுதறானுங்க?" என்று கேட்டுவிட்டு, என்னைப் பார்த்து, "நல்லா கிட்ட வெச்சி எடும்மா" என்றார்.

எடுத்து, கழுவி, ஒரே அளவில் பிரிண்ட் போட்டு, யோகனின் படத்தை நடுவிலும் மற்றவர்களின் படங்களைச் சுற்றியும் வைத்து ஒரு பெரிய அட்டையில் ஒட்டினோம். அப்படி வைத்ததும் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. கொக்கி தோலை ஒரு பக்கம் துளைத்து இன்னொரு பக்கம் வெளிவரும். அதனால் அந்தத் தழும்புகள் எப்போதும் ஜோடி ஜோடியாக இருந்தன. முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் சமமாக, தோலைக் கிள்ளிப் பிடிக்க முடிகிற இடங்களில் இருந்தன. யாருடைய முதுகிலும் நடு எலும்பின் மேல் ஒன்றும் இல்லை. யோகனின் ஜோடிகளும் அப்படியே. அவருடைய வட்டங்கள் மட்டும் தனித்தனி. எலும்பின் மேலும் இருந்தன. ஒன்று ஒரு ஜோடியின் ஒரு பாதியைத் தின்றிருந்தது. அது கொக்கிக்குப் பிறகு வந்தது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

இங்கிரிட் மூன்று நிறங்களில் மெல்லிய தாளில் குறித்தார். ஜோடிகள் பச்சை. வட்டங்கள் சிவப்பு. சில தழும்புகளுக்குச் சாம்பல் நிறம். 'காரணம் சொல்ல இயலாது' என்று அவற்றுக்குக் கீழே எழுதினார்.

யோகன் அதைப் பார்த்ததும் வெடித்துவிட்டார். "இதுவும் அவங்கள் செய்ததுதான். வயரால அடிச்சது. எனக்குத் தெரியும். ஏன் எழுதேல்லை?"

அதை நான் ஆங்கிலத்தில் சொன்னேன். இங்கிரிட் மறுத்துத் தலையை ஆட்டினார். அவர் சொன்னதாக எழுதுவேன், நான் கண்டதாக எழுதமாட்டேன் என்றார். அடித்த தழும்பும், எஞ்சின் கயிறு உரசிய தழும்பும் ஆறிய பிறகு ஒன்றாகவே இருக்கும். இயக்கத்தார் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் சிவப்பும் பொய்யாகிவிடும்.

"என்ர முதுகில நடந்ததை நான் சொன்னா காணாதோ?"

காணாது, அதாவது போதாது, என்று சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. அந்த வேலையில் நான் சொன்ன சொற்களிலேயே கடினமானது அதுதான். அவர் எழுந்து பின்னறைக்குப் போய்விட்டார். மறுநாள் காலை வந்து, "சாம்பலாகவே கிடக்கட்டும். அனுப்புங்கோ" என்றார்.

அதிகாரிக்கு அந்த அட்டை பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதைவிட, பயந்தார் என்று சொல்லலாம். முந்தைய படங்களை மறுக்க வழி இருந்தது. மறுக்க வழி இருந்ததால் சந்திப்பும் முறியாமல் முடிந்தது. இதில் அந்த வழி இல்லை. "இதைக் காட்டினால் பிரதிநிதி எழுந்து போய்விடுவார்" என்றார். இங்கிரிட் அட்டையைத் துணியில் சுற்றி அவர் காரின் பின்சீட்டில் தன் கையால் வைத்தார். "எழுந்தால் எழுந்தார் என்று எழுதுங்கள்" என்றார்.

அதிகாரி காட்டினார். அதற்காக அவரை நான் மதிக்கிறேன். பிரதிநிதி எழுந்து போகவில்லை. அட்டையை வெகுநேரம் பார்த்தாராம். சுற்றியிருந்த முதுகுகள் யாருடையவை என்று கேட்டாராம். ஆடிக் கிருத்திகைக்குத் தேர் இழுக்கிறவர்கள் என்று சொன்னதும், தன் ஊர்க் கோயிலிலும் அந்த வழக்கம் உண்டு என்றாராம். பிறகு, விசாரித்துச் சொல்கிறோம் என்று சொல்லிக் கிளம்பியிருக்கிறார்.

அடுத்து வந்த வாரங்களைப் போல ஒரு காலத்தை நான் மறுபடி அனுபவிக்க விரும்பவில்லை. மலையில் கிருத்திகைக் கூட்டம். தெருவெல்லாம் காவடி, மேளம், அரோகரா. கதவைத் தட்டினால்கூட உள்ளே கேட்காது. யோகனின் தாய் கதவை விட்டு நகரவில்லை. தபால்காரர் மையத்தைத் தாண்டிப் போகும்போது, அவரை நிறுத்திப் பையைப் பார்க்கச் சொல்லும்படி எனக்குச் சைகை காட்டுவார். நானும் போய்க் கேட்பேன். "வந்தாதானம்மா இருக்கும்" என்பார் தபால்காரர்.

பதிலை அதிகாரியே கொண்டுவந்தார். தட்டச்சில் நான்கு வரி. யோகநாதன், கிருபாகரன் ஆகிய இருவரும் விசாரணைக்காகச் சில காலம் வைக்கப்பட்டிருந்தனர் என்று அதில் இருந்தது. யோகநாதனைத் துன்புறுத்திய உறுப்பினர்மீது நடவடிக்கை எடுக்கப்பட்டிருக்கிறது என்றும் இருந்தது.

இங்கிரிட் தன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு தரப்பு, தன் பக்கத்து ஆட்கள் செய்ததை எழுத்தில் ஒப்புக்கொண்டது அந்தத் திட்டத்தில் அதுவே முதல் தடவை என்று எனக்குச் சொன்னார். அதிகாரியின் கண்ணிலும் ஒரு வெளிச்சம். கொள்கைத் தாளின் மூன்று வேலைகளும் ஒரு பக்கத்தில் கூடிவந்த நாள் அது.

நான் நான்கு வரியையும் தமிழில் படித்தேன். யோகன் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"தம்பிக்கு விசாரணை முடிஞ்சுதோ எண்டு கேளுங்கோ" என்றார்.

கேட்டு எழுதினோம். அதிகாரி அடுத்த சந்திப்பில் கேட்பதாகச் சொன்னார். அடுத்த சந்திப்பு தள்ளிப்போனது. அதற்குள் இரு நாட்டு ஒப்பந்தம் வந்தது. இந்தியப் படை அங்கே போனது. பேச்சுக்கான இடமும் மாறியது, ஆட்களும் மாறினார்கள். அதிகாரியை வேறு நாட்டுக்கு மாற்றினார்கள். சமாதானம் வந்துவிட்டதால் பதிவு வேலையை முடித்துக்கொள்வதாக அந்த அரசு எழுதியது. சமாதானம் வரவில்லை என்பது எங்களுக்கு வானொலியிலேயே தெரிந்தது. கடிதம் அதற்கு முன்பே தட்டச்சாகியிருக்க வேண்டும்.

இங்கிரிட் ஊருக்குத் திரும்பும் முன் எல்லா நெகட்டிவ்களையும் எண்ணிட்டு உறையில் போட்டு முத்திரையிட்டு எடுத்துப்போனார். அவருக்கு நான் அழுவேன் என்று பயம் போல. எனக்கு அவர் அழுவார் என்று பயம். இருவரும் அழவில்லை. "படம் எடுத்ததால் என்ன ஆனது என்று யாராவது கேட்டால் என்ன சொல்ல?" என்று கேட்டேன். "நீ கண்டதை முதலில் சொல். மற்றது அடுத்த பத்தி" என்றார்.

ஆகவே, சென்னையிலிருந்து வந்த பெண்ணே, கண்டது இது.

இயக்கம் ஒப்புக்கொண்ட கடிதம் அந்த நாட்டின் வெளியுறவு அலுவலகத்தில் இருக்கிறது. கோப்பு மூடப்படவில்லை, ஆனால் அதைத் திறந்து, தம்பியின் விசாரணை என்ன ஆனது என்ற இரண்டாவது கேள்வியைக் கேட்க இப்போது யாரும் நியமிக்கப்படவில்லை. ஆண்டுக்கு இருமுறை நான் எழுதுகிறேன். கடிதம் கிடைத்தது என்று பதில் வருகிறது. இங்கிரிட்டும் அங்கிருந்து எழுதுகிறார். அவருக்கும் அதே பதில்தான். கிருபன் வரவில்லை. உயிரோடு இருப்பதாகவும் யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. திரும்பிப் போகிறவர்களுக்குக் கப்பல் விட்டபோது யோகன் பெயரும் தாய் பெயரும் பட்டியலில் வந்தன. பதில் வரட்டும் என்று இருவரும் ஏறவில்லை. கோப்பில் பதில் அனுப்ப வேண்டிய விலாசமாக மையம் இருந்த இந்த வீட்டைத்தான் கொடுத்திருக்கிறோம். மையம் போன பிறகு வீட்டை நான் வாடகைக்கு எடுத்துக்கொண்டேன். அக்கா பக்கத்துத் தெருவுக்கு வரச் சொல்கிறாள். பதில் வரும்வரை மாறப்போவதில்லை.